காப்பியடிக்காமல் ஒப்படைப்பு எழுதுவது எப்படி: குறிப்பு நோட்டிலிருந்து கடைசிப் பக்கம் வரை

ஒரு வருடம் என் மாணவர்களை மேட்டூர் அணை பற்றி ஒப்படைப்பு (அசைன்மென்ட்) எழுதச் சொல்லியிருந்தேன். மூன்று மாணவர்களின் தாள்களில் அணை திறக்கப்பட்ட ஆண்டு 1943 என்று இருந்தது. சரியான ஆண்டு 1934. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்து எழுதவில்லை. மூன்று பேருக்கும் கூகுளில் முதலில் வந்த பக்கம் ஒன்றுதான், அந்தப் பக்கத்தில் எண் இடம் மாறியிருந்தது. கூப்பிட்டுக் கேட்டபோது மூவரும் சொன்ன பதிலும் ஒன்றுதான்: "சார், நாங்க காப்பி அடிக்கல, நோட்ஸ் எடுத்துத்தான் எழுதினோம்."

அவர்கள் சொன்னது உண்மை. வேண்டுமென்றே திருடுகிற மாணவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் மாட்டிக்கொள்வது வேலையின் வரிசை தவறுவதால். எழுதும் நேரத்தில் கவனமாக இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். குறிப்பு எடுத்த அன்றே எது யாருடைய வாக்கியம் என்ற அடையாளம் அழிந்துபோயிருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் எழுதுவது ஐந்தாவது படியில்தான் வருகிறது. முதல் நான்கு படிகளைத் தாண்டிக் குதிக்காதீர்கள். மேட்டூர் அணையையே கடைசிவரை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

1. தொடங்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

ஆசிரியரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். மேற்கோள்களை எந்த முறையில் காட்ட வேண்டும், அடிக்குறிப்பாகவா அடைப்புக்குறிக்குள்ளா? நண்பர்களோடு சேர்ந்து செய்யலாமா, தனியாகத்தான் செய்ய வேண்டுமா? சாட்ஜிபிடி போன்ற கருவிகளைப் பயன்படுத்தலாமா, பயன்படுத்தினால் எதுவரை? ஒரே கல்லூரியில்கூட இந்த மூன்றுக்கும் துறைக்குத் துறை பதில் மாறும். சீனியர் சொன்னதை நம்பி இறங்காதீர்கள், அவருக்குச் சொன்னது போன வருட விதி.

கையில் வேண்டியவை: ஒரு தனி நோட்டு, மூன்று நிறப் பேனா, நாட்காட்டியில் குறைந்தது ஐந்து நாள். கம்ப்யூட்டரில் எழுதுபவர்கள் நோட்டுக்குப் பதில் தனிக் கோப்பு ஒன்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் குறிப்புக் கோப்பும் ஒப்படைப்புக் கோப்பும் ஒன்றாக இருக்கக் கூடாது. ஒரே கோப்பில் மேலே குறிப்பும் கீழே சொந்த எழுத்துமாக வைத்திருந்தால், இரண்டாம் நாளே மேலே இருப்பது கீழே இறங்கிவிடும்.

ஐந்து நாள் எதற்கு என்று கேட்பீர்கள். நாளை காலை கொடுக்க வேண்டியதை இன்று இரவு பதினொரு மணிக்குத் தொடங்குகிறவருக்குக் காப்பியைத் தவிர வேறு வழியே கிடையாது. நல்லவரோ கெட்டவரோ, கடிகாரம் விடாது.

2. தலைப்பைக் கேள்வியாக மாற்றுங்கள்

"மேட்டூர் அணை" என்று தலைப்புக் கொடுத்தால், அதே தலைப்பில் ஏற்கெனவே எழுதப்பட்ட பக்கங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அவை எல்லாவற்றிலும் அதே வரிசைதான்: அமைவிடம், வரலாறு, கொள்ளளவு, பயன்கள், சுற்றுலா. நீங்கள் நேர்மையாகவே எழுதினாலும் அந்த எலும்புக்கூட்டுக்கு மேல்தான் சதை வைப்பீர்கள்.

கேள்வியாக மாற்றினால் நிலைமை வேறு. "வழக்கமான ஜூன் 12 அன்று பாசனத்துக்கு அணை திறக்கப்படாத ஆண்டுகளில் டெல்டாவின் குறுவை நெல் சாகுபடி என்ன ஆகிறது?" "அணை கட்டியபோது நீரில் மூழ்கிய ஊர்களின் மக்கள் எங்கே போனார்கள்?" தண்ணீர் வெகுவாக இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அந்த ஒரு காட்சியை வைத்தே எட்டுப் பக்கம் எழுதலாம்.

இப்படிக் கேட்ட கேள்விக்கு முழு விடை எந்த ஒரு பக்கத்திலும் கிடைக்காது. நாலு இடத்திலிருந்து துண்டு துண்டாக எடுத்துக் கோக்க வேண்டியிருக்கும். கோக்கும் வேலை உங்களுடையது, மதிப்பெண்ணும் அதற்குத்தான்.

ஆசிரியர் தலைப்பை மாற்ற விடமாட்டார் என்றால் தலைப்பை அப்படியே விட்டுவிட்டு, உங்கள் நோட்டின் முதல் பக்கத்திலாவது கேள்வியை எழுதி வையுங்கள்.

3. முதலில் நூல் விவரம், அப்புறம்தான் படிப்பு

புத்தகத்தைத் திறந்தவுடன் படிக்க ஆரம்பிக்காதீர்கள். தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் பாருங்கள். ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஊர், ஆண்டு, எத்தனையாவது பதிப்பு: எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, அந்த நூலுக்கு ஓர் எழுத்துக் குறியீடு கொடுங்கள். முதல் நூல் 'அ', இரண்டாவது 'ஆ'. இனி அந்த நூலிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு குறிப்பின் ஓரத்திலும் 'அ 41' என்று வர வேண்டும். அதாவது 'அ' நூல், பக்கம் 41.

இணையப் பக்கமானால் பக்கத்தின் தலைப்பு, தளத்தின் பெயர், எழுதியவர் பெயர் இருந்தால் அது, நீங்கள் பார்த்த தேதி. இணையப் பக்கம் நாளைக்கே மாறலாம், அதனால்தான் தேதி. முகவரியை அப்போதே நகலெடுத்து வையுங்கள். "அப்புறம் ஹிஸ்டரியில் தேடிக்கலாம்" என்று விட்டவர்கள் யாரும் தேடிக் கண்டுபிடித்து நான் பார்த்ததில்லை.

நூலகப் புத்தகத்தில் ஒரு சிக்கல் உண்டு. திருப்பிக் கொடுத்த பிறகு பக்க எண் வேண்டும் என்று ஓடினால், புத்தகம் வேறொருவர் வீட்டில் இருக்கும். தலைப்புப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அரை நிமிட வேலை.

ஜெராக்ஸ் எடுத்த தாளானாலும் இதே விதிதான். முதல் தாளின் மேல் ஓரத்தில் நூல் பெயரை எழுதாமல் கடையை விட்டு நகராதீர்கள்.

4. மூன்று நிறத்தில் குறிப்பு

இதுதான் முக்கியமான படி. தவறு பெரும்பாலும் தொடங்குவது இங்கேதான்.

சிவப்பு: நூலில் உள்ளபடியே எழுதிய சொற்கள். எழுதும்போதே இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுவிடுங்கள், பிறகு போடலாம் என்று விடாதீர்கள். நீலம்: நூல் சொல்லும் செய்தி, ஆனால் உங்கள் சொற்களில். பச்சை: உங்கள் சொந்த எண்ணம், சந்தேகம், "இது நம்ம ஊர்லயும் நடந்ததே" மாதிரியான பக்கக் குறிப்பு.

சிவப்புக்கும் நீலத்துக்கும் ஓரத்தில் குறியீடும் பக்க எண்ணும் கட்டாயம். பச்சைக்கு வேண்டாம்.

இரண்டு வாரம் கழித்து நோட்டைத் திறக்கும்போது ஒரு நல்ல வாக்கியம் கண்ணில் படும். "அட, நாம இவ்வளவு நல்லா எழுதியிருக்கோமே" என்று தோன்றும். நீங்கள் எழுதியிருக்கமாட்டீர்கள். நிறம் இல்லாவிட்டால் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. நினைவு இந்த விஷயத்தில் எப்போதும் நமக்குச் சாதகமாகத்தான் பொய் சொல்லும்.

நோட்டில் சிவப்பே நிறைந்திருந்தால் நீங்கள் படிக்கவில்லை, படி எடுத்திருக்கிறீர்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று சிவப்பு வரிகளுக்கு மேல் வந்தால் நிறுத்திவிட்டு, புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதே செய்தியை நீலத்தில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் புரியவில்லை என்று அர்த்தம். திரும்பப் படியுங்கள்.

கம்ப்யூட்டரில் குறிப்பெடுப்பவர்களுக்கு ஆபத்து அதிகம், ஏனென்றால் நகலெடுத்து ஒட்டுவதற்கு உழைப்பே இல்லை. ஒட்டத்தான் வேண்டுமென்றால் ஒட்டிய உடனே எழுத்தைச் சிவப்பாக்கி, பக்கத்தில் முகவரியையும் ஒட்டுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவிலிருந்து ஒட்டியவர்களின் தாளில் உபதலைப்புக்குப் பக்கத்தில் "[தொகு]" என்று அப்படியே நின்றிருக்கும். அந்தச் சொல் என்ன என்று கேட்டால் "அது தலைப்போட சேர்ந்தது சார்" என்று ஒரு பையன் சொன்னான். வாக்கியத்தின் முடிவில் மேலே ஏறி நிற்கும் [3], [4] போன்ற எண்களும் அப்படித்தான் காட்டிக்கொடுக்கும்.

5. மூடிவைத்து எழுதுங்கள்

இப்போதுதான் எழுத்து. புத்தகம் மூடி இருக்க வேண்டும், உலாவியில் அந்தப் பக்கமும் மூடி இருக்க வேண்டும். நோட்டின் நீலமும் பச்சையும் மட்டும் முன்னால்.

மூலத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு "சொந்த நடையில் மாற்றி" எழுதும்போது என்ன ஆகிறது என்று பார்ப்போம். உதாரணத்துக்காக நானே ஒரு பத்தி எழுதுகிறேன். இது ஏதோ ஒரு நூலின் 41ஆம் பக்கத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்:

"மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவான 93.47 டி.எம்.சி. நீர், டெல்டா மாவட்டங்களின் குறுவை, சம்பா சாகுபடிக்கு உயிர்நாடியாக விளங்குகிறது. வழக்கமாக ஜூன் 12 அன்று அணை திறக்கப்படும். அந்த நாளில் போதிய நீர் இல்லாத ஆண்டுகளில் குறுவைப் பரப்பு சுருங்கி, உழவர்கள் நிலத்தடி நீரை நம்ப வேண்டியதாகிறது."

மாணவர் எழுதுவது: "மேட்டூர் அணையின் மொத்தக் கொள்ளளவான 93.47 டி.எம்.சி. தண்ணீர், டெல்டா பகுதிகளின் குறுவை, சம்பா விவசாயத்திற்கு உயிர்மூச்சாகத் திகழ்கிறது. பொதுவாக ஜூன் 12ஆம் தேதி அணை திறக்கப்படுகிறது. அன்று போதுமான தண்ணீர் இல்லாத வருடங்களில் குறுவைப் பரப்பளவு குறைந்து, விவசாயிகள் நிலத்தடி நீரை நாட வேண்டியுள்ளது."

நீர் தண்ணீராகியிருக்கிறது, சாகுபடி விவசாயமாகியிருக்கிறது, உழவர் விவசாயியாகியிருக்கிறார். வாக்கியங்களின் எண்ணிக்கை, வரிசை, ஒவ்வொரு வாக்கியத்தின் அமைப்பு எல்லாம் அப்படியே. உயிர்நாடி என்ற உவமை வேறொருவருடையது, உயிர்மூச்சு என்று மாற்றினாலும் அவருடையதுதான். வீட்டுக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்துவிட்டால் பட்டா மாறிவிடாது. அடியில் நூல் பெயரைப் போட்டாலும் இது சரியாகாது. பெயர் போட்டால் செய்திக்கு உரியவர் யார் என்று சொன்னதாகும், சொற்களும் அவருடையவை என்று சொன்னதாகாது. அதற்கு மேற்கோள் குறி வேண்டும்.

மூடிவைத்து எழுதியவர் எழுதுவது: "டெல்டாவில் எவ்வளவு நிலத்தில் குறுவை நடக்கும் என்பது, ஜூன் 12 அன்று மேட்டூரில் இருக்கும் தண்ணீரைப் பொறுத்தது. தண்ணீர் இல்லாத ஆண்டில் நிலத்தடி நீர்தான் கை கொடுக்க வேண்டும் (அ, ப. 41). எங்கள் ஊரில் போர் போடாதவர்கள் அந்த ஆண்டுகளில் குறுவையை விட்டுவிட்டுச் சம்பாவுக்குக் காத்திருந்ததாக என் பெரியப்பா சொன்னார்."

இதில் 93.47 வரவில்லை. கேள்விக்கு அது தேவையில்லை, அதனால் விழுந்துவிட்டது. மூடிவைத்து எழுதும்போது தேவையில்லாதது தானாகவே உதிரும். உவமையும் போய்விட்டது. கடைசி வாக்கியம் எந்த நூலிலும் இல்லாதது. பெரியப்பா சொன்னதும் ஒரு சான்றுதான். பெயர், ஊர், பேசிய தேதி மூன்றையும் குறித்து நேர்காணல் என்று பட்டியலில் சேர்க்கலாம். நான் மதிப்பெண் போடும்போது முதலில் தேடுவது இந்த மாதிரி வாக்கியங்களைத்தான்.

எழுதி முடித்த பிறகு நூலைத் திறந்து ஒப்பிடுங்கள். செய்தி மாறிவிடவில்லையா என்று ஒரு முறை, சொற்கள் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டனவா என்று இன்னொரு முறை. ஒட்டிக்கொண்டு வந்த தொடர் அழகாக இருந்து விட மனமில்லை என்றால் மேற்கோள் குறிக்குள் போட்டுவிடுங்கள். கலைச்சொற்களை மாற்ற வேண்டாம். 'நிலத்தடி நீர்' என்பதற்குப் பதில் 'பூமிக்குக் கீழே உள்ள தண்ணீர்' என்று எழுதினால் திருட்டும் குறையாது, தமிழும் கெடும்.

6. மொழிபெயர்த்தாலும் காப்பிதான்

தமிழ்வழி மாணவர்கள் அதிகம் வழுக்குகிற இடம் இது. ஆங்கில விக்கிப்பீடியா பக்கத்தை எடுத்து, கூகுள் மொழிபெயர்ப்பில் போட்டு, வந்ததை ஒட்டிக் கொடுப்பது. "தமிழ்ல இந்த வாக்கியம் எங்கயுமே இல்ல சார், தேடிப் பாருங்க" என்பார்கள். இல்லைதான். ஆனால் என்ன சொல்வது, எந்த வரிசையில் சொல்வது, எதை விடுவது என்றெல்லாம் யோசித்தவர் அந்த ஆங்கிலப் பக்கத்தை எழுதியவர். மொழி மாறினால் உழைப்பு கைமாறிவிடாது.

கண்டுபிடிப்பதும் சுலபம். "அணை ஒன்றாகும் இந்தியாவின் மிகப்பெரிய அணைகளில்" என்று சில நேரம் வாக்கியம் தலைகீழாக நிற்கும். ஒவ்வொரு பத்தியும் "இது" என்று தொடங்கும்.

ஆங்கில மூலத்திலிருந்து எடுக்கத் தடையில்லை. ஆங்கிலத்தில் படியுங்கள், தமிழில் நீலக் குறிப்பு எடுங்கள், மூடிவைத்து எழுதுங்கள், ஆங்கில மூலத்தின் பெயரைக் காட்டுங்கள். ஒரு வாக்கியத்தை அப்படியே தமிழாக்கித் தர வேண்டுமென்றால் மேற்கோள் குறிக்குள் போட்டு, "தமிழாக்கம் என்னுடையது" என்று குறிப்பிடுங்கள்.

7. எதற்குச் சான்று வேண்டும், எதற்கு வேண்டாம்

புதிதாக எழுதுபவர்கள் இரண்டு பக்கமும் தவறுகிறார்கள். ஒன்று, எதற்குமே போடமாட்டார்கள். இல்லையென்றால் "காவிரி தமிழ்நாட்டில் பாய்கிறது" என்பதற்கும் அடிக்குறிப்பு போடுவார்கள்.

மேட்டூர் அணை காவிரியின் குறுக்கே சேலம் மாவட்டத்தில் உள்ளது, 1934இல் திறக்கப்பட்டது, முழு நீர்மட்டம் 120 அடி. இவை எந்தப் பொது நூலிலும் கிடைக்கும், யாரும் மறுக்கமாட்டார்கள். சான்று வேண்டாம். ஆனால் சரிபார்க்க வேண்டும், 1943 கதை மறந்துவிடக் கூடாது. ஒரு குறிப்பிட்ட ஆண்டில் எத்தனை ஏக்கர் குறுவை நடந்தது என்பது போன்ற புள்ளிவிவரம், ஒருவருடைய விளக்கம், வாதம், கணக்கீடு, யாரோ ஒருவர் முதலில் வகுத்த வகைப்பாடு: இவற்றுக்குக் கட்டாயம் வேண்டும். சந்தேகமாக இருந்தால் போட்டுவிடுங்கள். கூடுதலாகப் போட்டதற்கு யாரும் மதிப்பெண் குறைத்ததில்லை.

இலக்கிய மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. குறளை எடுத்தால் குறள் எண் போதும். ஆனால் குறளுக்கு அடியில் எழுதும் பொருள் யாருடையது? உரையாசிரியர் ஒருவரின் உரையை வைத்து எழுதிவிட்டு எண்ணை மட்டும் போட்டால், உரையைத் திருடியதாகத்தான் ஆகும். 1330 குறளும் பொதுச்சொத்து, இக்காலத்தில் ஒருவர் எழுதிய உரை அப்படியல்ல.

இதையொட்டி ஒரு குழப்பம் உண்டு. நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல், ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கடந்து காப்புரிமை முடிந்த நூல், கட்டற்ற உரிமத்தில் உள்ள விக்கிப்பீடியா இவற்றிலிருந்தெல்லாம் எடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம் என்பது சரி. பெயரும் சொல்ல வேண்டாம் என்று மாணவர்கள் முடிவு செய்துகொள்கிறார்கள், அதுதான் தப்பு. காப்புரிமை சட்டத்தின் பாடு. யார் எழுதியது என்று உண்மையைச் சொல்வது உங்கள் பாடு. விக்கிப்பீடியாவின் உரிமமேகூட பெயர் சொல்லச் சொல்கிறது.

8. கடன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது

பத்தியின் கடைசியில் ஓர் எண்ணைப் போட்டுவிட்டால், அந்த எண் கடைசி வாக்கியத்துக்கா முழுப் பத்திக்குமா என்று படிப்பவருக்குத் தெரியாது. தமிழ் வாக்கியத்தில் இது இன்னும் குழப்பும், ஏனென்றால் "என்கிறார்" கடைசியில்தான் வரும். அதுவரை யார் பேசுகிறார் என்றே தெரியாது.

நான் சொல்லிக்கொடுக்கும் வழி: கடன் வாங்கிய பகுதியை ஆசிரியர் பெயரோடு தொடங்குங்கள், பக்க எண்ணோடு முடியுங்கள். நடுவில் நீண்டால் "என்றும் அவர் சொல்கிறார்" என்று ஒரு முறை நினைவூட்டுங்கள். உங்கள் கருத்துக்கு மாறும்போது புதிய வாக்கியத்தில் மாறுங்கள்.

"கூறப்படுகிறது", "எனலாம்", "அறிஞர்கள் கருதுகின்றனர்" இந்த மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். யார் கூறினார், எந்த அறிஞர் என்று தெரிந்தால் பெயரைச் சொல்லலாமே. தெரியாவிட்டால் அந்தச் செய்தி உங்களிடம் இன்னும் வந்து சேரவில்லை.

இன்னொன்று: நூல் 'அ'வில், வேறொரு நூலிலிருந்து எடுத்த மேற்கோள் இருக்கும். அந்த இரண்டாவது நூலை நீங்கள் பார்த்ததே இல்லை. அதை நேரடியாகப் படித்தது போலக் காட்டாதீர்கள். "மேற்கோள்: அ, ப. 57" என்று வந்த வழியைச் சொல்லுங்கள்.

9. துணைநூற்பட்டியல்

மூன்றாம் படியை ஒழுங்காகச் செய்திருந்தால் இது பத்து நிமிட வேலை. செய்யாவிட்டால் ஒரு ராத்திரி போகும்.

குறியீட்டு எழுத்துக்களை எடுத்துவிட்டு, ஒப்படைப்பு முழுவதும் ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் வரும்படி மாற்றுங்கள். பட்டியலில் ஆசிரியர் பெயர், ஆண்டு, தலைப்பு, பதிப்பகம், ஊர் என்ற வரிசை பொதுவாக ஏற்கப்படும். உங்கள் துறை வேறு வரிசை சொன்னால் அதுவே சரி.

தமிழ்ப் பெயர்களுக்குப் பொதுவாகக் குடும்பப்பெயர் கிடையாது. முன்னால் இருப்பது அப்பா பெயரின் முதல் எழுத்து, சில சமயம் ஊர்ப் பெயரின் எழுத்தும் சேரும். அதனால் அகரவரிசையில் அடுக்கும்போது சொந்தப் பெயரை முன்னால் கொண்டுவந்து, முன்னெழுத்தைப் பின்னால் தள்ள வேண்டும். மு. வரதராசன் என்றால் "வரதராசன், மு." என்று 'வ'வில் வரும், 'மு'வில் வராது. ஆங்கில மாதிரியைப் பார்த்து எழுதும் மென்பொருள்கள் இதைத் தாறுமாறாக்கிவிடும், கண்ணால் ஒரு முறை பாருங்கள்.

"கூகுள்", "இணையம்", "யூடியூப்" என்று பட்டியலில் எழுதுவது, சாமான் எங்கே வாங்கினாய் என்று கேட்டால் "கடைத்தெருவில்" என்று சொல்வது போல. எந்தக் கடை? "மேட்டூர் அணை, தமிழ் விக்கிப்பீடியா, பார்த்த நாள் 12 ஜூலை 2024" என்று எழுதினால் திரும்பிப் போய்ப் பார்க்க முடியும்.

படிக்காத நூலைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். பட்டியல் நீளமாக இருந்தால் நல்லது என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். உள்ளே ஓரிடத்திலும் வராத பத்து நூல் பட்டியலில் இருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும்.

10. படம், வரைபடம், அட்டவணை

எழுத்துக்குக் காட்டும் மரியாதையை யாரும் படத்துக்குக் காட்டுவதில்லை. ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் எடுத்தவர் அல்லது எடுத்த இடத்தின் பெயர் வேண்டும். வரைபடத்தைப் பார்த்து நீங்களே கையால் வரைந்தாலும் "இன்ன நூலைத் தழுவி வரைந்தது" என்று எழுதுங்கள். அட்டவணையின் எண்களை எடுத்துக் கட்டங்களை மட்டும் மாற்றினாலும் அதே விதி.

11. நண்பர்கள், சீனியர்கள், ஏ.ஐ.

கையால் எழுதும் ரெக்கார்ட் நோட்டில், "நானே என் கையால எழுதினேன்" என்பது காப்பி இல்லை என்பதற்கு ஆதாரம் என்று நினைக்கிறார்கள். கை உங்களுடையது, வாக்கியம் பக்கத்து பெஞ்சினுடையது. சோதனையைச் சேர்ந்து செய்திருந்தால் அளவீடுகள் ஒன்றாக இருக்கலாம், யார் யாரோடு செய்தீர்கள் என்று எழுதிவிடுங்கள். முடிவுரையும் விளக்கமும் தனித்தனியாகத்தான் இருக்க வேண்டும்.

சீனியரின் பழைய புராஜெக்டை மாதிரிக்குப் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் எழுதத் தொடங்கும் முன் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து வாங்கும் ரெடிமேட் புராஜெக்ட் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. வாங்குகிறவர் இந்த வழிகாட்டியைப் படிக்கமாட்டார்.

போன செமஸ்டரில் நீங்களே எழுதிக் கொடுத்ததை இந்த செமஸ்டரில் வேறு தாளுக்குக் கொடுக்க நினைத்தால் முன்கூட்டியே ஆசிரியரிடம் கேளுங்கள். ஒரு வேலைக்கு இரண்டு தடவை மதிப்பெண் வாங்குவதாகத்தான் பெரும்பாலான இடங்களில் பார்ப்பார்கள்.

ஏ.ஐ. பற்றி: அனுமதி இல்லை என்றால் இல்லை. அனுமதி உண்டு என்றால், எந்தக் கருவியை எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். கேள்விகள் யோசிக்க, புரியாத பத்தியை விளக்கிக் கேட்க அது உதவும். அது எழுதித் தரும் பத்தியை ஒட்டினால், எழுதியவர் நீங்கள் இல்லை என்ற அளவில் விஷயம் மாறாது. இன்னொரு ஆபத்தும் உண்டு. சான்று கேட்டால் சில நேரம் இல்லாத நூலை, இருக்கிற பதிப்பகத்தின் பெயரோடும் பக்க எண்ணோடும் சொல்லும். கையில் எடுத்துப் பார்க்காத நூல் பட்டியலுக்குள் வரக் கூடாது என்ற விதியைப் பிடித்துக்கொண்டால் இதில் விழமாட்டீர்கள்.

12. கொடுப்பதற்கு முந்தைய நாள்

அச்சில் எடுத்த தாளை முன்னால் வைத்து, பென்சிலால் ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் "என்" அல்லது நூல் பெயர் எழுதிக்கொண்டே வாருங்கள். எது என்று சொல்லத் தெரியாத பத்தி வந்தால் நோட்டுக்குப் போங்கள். அங்கேயும் இல்லையென்றால் அந்தப் பத்தியிலிருந்து வித்தியாசமான ஒரு தொடரை, ஏழெட்டுச் சொல் அளவுக்கு, இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுளில் தேடுங்கள். பெரும்பாலும் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

கல்லூரியில் ஒப்புமை சோதிக்கும் மென்பொருள் இருந்தால் அதில் வரும் சதவீதத்தை எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொள்ளுங்கள். மென்பொருள் ஒத்துப்போகும் தொடர்களைக் காட்டும், திருட்டு என்று தீர்ப்புச் சொல்லாது. முறையாக மேற்கோள் குறிக்குள் போட்ட பாடலும் துணைநூற்பட்டியலும்கூட எண்ணை ஏற்றிவிடலாம். ஐந்து சதவீதம் வந்தும் அந்த ஐந்தும் ஒரே பத்தியாக, பெயர் சொல்லாமல் எடுத்ததாக இருக்கலாம். அதனால் எண்ணைக் குறைப்பதற்காகச் சொல்லை மாற்றாதீர்கள். ஐந்தாம் படியில் பார்த்த சுண்ணாம்பு வேலைதான் அது.

பத்து சதவீதம் வரை போகலாம் என்று மாணவர்கள் பேசிக்கொள்வது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 ஒழுங்குமுறையிலிருந்து வந்தது. அதில் 10 வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை போனால் ஆய்வேட்டைத் திருத்தி ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய வடிவத்தைக் கொடுக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆனால் அது முதுகலை, ஆராய்ச்சிப் பட்டத்துக்கான ஆய்வேடுகளுக்கும் வெளியீடுகளுக்கும் வகுத்தது. ஒப்படைப்பு, புராஜெக்ட் அறிக்கை, விடைத்தாள் இவற்றை அந்த ஒழுங்குமுறையே விலக்கி வைத்திருக்கிறது. எனவே உங்கள் ஒப்படைப்புக்கு உங்கள் துறையும் ஆசிரியரும் சொல்வதுதான் விதி. "பத்து வரைக்கும் ஃப்ரீ" என்று வாதாடப் போகாதீர்கள்.

குறிப்பு நோட்டையும் முதல் வரைவையும் மதிப்பெண் வரும்வரை தூக்கிப் போடாதீர்கள். கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் பழைய வடிவங்கள் தானாகவே சேமிக்கப்பட்டிருக்கும். நீங்களே எழுதியதைப் பார்த்து ஆசிரியர் சந்தேகப்பட்டால், எப்படி வளர்ந்தது என்று அதைத் திறந்து காட்டலாம்.

13. கொடுத்த பிறகு தவறு தெரிந்தால்

தாளைக் கொடுத்துவிட்டீர்கள், வீட்டுக்கு வந்து நோட்டைப் பார்த்தால் ஒரு பத்தி முழுக்கச் சிவப்பு. மேற்கோள் குறி போட மறந்திருக்கிறீர்கள். மறுநாள் காலையில் முதல் வேலையாக ஆசிரியரைப் பாருங்கள். எந்தப் பக்கம், எந்தப் பத்தி, எந்த நூல், பக்க எண் என்ன என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி எடுத்துப் போங்கள். திருத்திய பக்கத்தையும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். காரணம் சொல்லி நேரம் கடத்த வேண்டாம். "இந்த இடத்தில் குறி போட மறந்துவிட்டேன், இது சரியான பக்கம்" என்ற இரண்டு வாக்கியம் போதும். அவர் திருத்தத் தொடங்கும் முன் போய்ச் சேர்ந்தால் பெரும்பாலும் பழைய தாளை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகிக்கொள்வார். திருத்தும்போது அவரே கண்டுபிடித்த பிறகு போனால், துண்டுத்தாளோடு நோட்டையும் கொண்டுபோங்கள்.